தென்மேற்கு மரியாதை

அமெரிக்காவில், ஃபிரிஸ்கோ ஊரிலிருக்கும் வீட்டின் பின்பக்கம் ஓர் அறை கூட்டிக் கட்டப்போகிறேன் என்று என் மகன் சொன்னபோது, வரைபடத்தை நான்தான் போட்டேன். சென்னையில் ஊருக்கெல்லாம் வீடு வரைந்து கொடுத்தவள் நான். எனக்கென்று வரைந்தது அந்த ஓர் அறைதான். முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன, படி ஏற முடியாது. அதனால் அறை கீழே. பழைய கூரையின் விளிம்புக்குக் கீழே புதுக் கூரையைச் சரித்து இணைத்தேன். வாசலில் படி கிடையாது. அகலமான கதவு. கட்டில் போடும் இடத்திலிருந்து தோட்டத்துக் கதவு வரை சுவரோடு ஒரு கைப்பிடி. யார் தயவும் இல்லாமல் காலையில் வெளியே போய் நிற்க வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

அறை அழகாகவே வந்தது. பெயின்ட் காய்வதற்குள் மகன் சென்னையிலுள்ள வாஸ்துக்காரருக்கு வீடியோ கால் போட்டான். கட்டி முடித்த பிறகு வாஸ்து கேட்கிற புத்தி நம் ஆட்களுக்கு மட்டும்தான் வரும். அந்த மனிதர் இருந்த இடத்திலிருந்தே தீர்ப்புச் சொன்னார். புது அறை இருப்பது வடகிழக்கு, ஈசான்ய மூலை. அங்கே சாமிதான் இருக்க வேண்டும். வீட்டுக்கு மூத்தவர்களுக்குத் தென்மேற்கு. வீட்டிலேயே உயரமான மூலையும் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

தென்மேற்கில் இருந்தது கராஜ். அதற்கு மேலே, கூரைக்கு அடியில், காலிப் பெட்டிகள் போடும் அட்டிக்.

"அதாம்மா உனக்கு மரியாதையான எடம். ரூஃபை ரெய்ஸ் பண்ணி, பெரிய விண்டோ வெச்சுத் தரேன்" என்றான் மகன்.

"சாமியை மேல வையேன்டா. அதுக்கு என்ன முட்டி வலியா?"

"தப்பா பேசாதம்மா. ஒரு தடவை ஏறிட்டா போதும், அப்புறம் எல்லாமே மேலயே வந்துடும்."

"பெஸ்ட் வியூ உங்களுக்குத்தான் அத்தை" என்றாள் மருமகள். பார்ப்பதற்கு என்ன இருந்தது? ஒரே அச்சில் வார்த்த கூரைகள், வரிசை வரிசையாக.

கூரையைப் பிரித்தார்கள், உயர்த்தினார்கள், ஜன்னல் வைத்தார்கள். மகனும் அவன் நண்பனும் என்னை பீரோ ஏற்றுவது போல மாடிக்கு ஏற்றினார்கள். மத்தியானம் திரும்பியதும் டெக்சாஸ் வெயில் நேராக என் கட்டிலில் வந்து படுத்துக்கொள்ளும். பெரிய மேற்கு ஜன்னலை நான் யாருக்குமே வரைந்து கொடுத்ததில்லை. சாப்பாடு தட்டில் வந்தது. அதன் பிறகு நான் தரையை மிதித்ததில்லை.

பூஜை அறை திறப்பு ஒரு சனிக்கிழமை. கீழே ஒரே கூட்டம், சிரிப்பு. என் போன் அடித்தது. திரையில் மகன்.

"அம்மா, போன்லயே ஆசீர்வாதம் பண்ணிடு. எல்லாரும் வெயிட் பண்றாங்க."

கையைத் தூக்கினேன். அவன் போனைத் திருப்பி அறையைக் காட்டினான். என் அகலக் கதவு, என் படியில்லாத வாசல். சாமி சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. என் கைப்பிடி நெடுக மருமகள் பூச்சரம் சுற்றியிருந்தாள். தூக்கிய கை ஆசீர்வாதத்தில் அப்படியே நின்றது.

"சுவர்ல இந்தக் கம்பி எதுக்கு?" என்று விருந்தாளி ஒருத்தி கேட்டாள்.

"பூ மாட்டறதுக்குத்தான் ஆன்ட்டி" என்றான் என் மகன்.