நின்றபடியே வந்த அக்கா

பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்குத்தான் செய்தி வந்தது. தங்கமணி அக்கா போய்விட்டார். ஷிப்ட் முடிந்து வந்து அப்போதுதான் கால் கழுவியிருந்தேன். "சரிங்க" என்று மட்டும் சொன்னேன். அழக்கூடத் தெம்பில்லை.

மைசூருக்கு வெளியே, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் பொழுதுபோக்குப் பூங்காவில் வேலை செய்த எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். தண்ணீரில் ஆட வருகிறவர்களுக்கு நீச்சல் உடை கொடுத்து, நனைந்ததை வாங்கித் துவைத்துக் காயப்போடும் அறை அவருடையது. தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் ஹனூர்க்காரர். நான் டிக்கெட் கவுண்டரில் இருந்தேன். அப்போது பஸ் நெடுஞ்சாலையோடு சரி. அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் நடை. அக்காவுக்கு இரண்டு முழங்காலும் வீங்கிக் கிடக்கும். பாதி வழியில் மைல்கல் மேல் உட்கார்ந்து, "நீங்க போங்க கண்ணு, நான் மெல்ல வந்தர்றேன்" என்பார்.

பூங்கா வரைக்கும் பஸ் கேட்டு டிப்போவுக்கு எத்தனை முறை அலைந்தோம்! "ஜன இல்லம்மா", ஏற ஆளில்லை என்று கன்னடத்தில் ஒரே பதில். கடைசியில் ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கிறோம், ஆள் ஏறாவிட்டால் நிறுத்திவிடுவோம் என்றார்கள். அக்கா விடுவாரா? வார விடுமுறையில் இருப்பவர்கள் குடும்பத்தோடு பஸ் ஏறிப் போய், அதே பஸ்ஸில் திரும்ப வேண்டும் என்று முறை போட்டுவிட்டார். "வண்டி காலியாப் போகக் கூடாதுங்க. வூட்டுல சும்மா உக்காந்திருக்கறத பஸ்ஸுல உக்காருங்க." என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். லீவு நாளிலும் அதே சாலையைப் பார்க்க எனக்கும் எரிச்சல்தான். ஆனாலும் போனேன்.

பஸ் நிலைத்துவிட்டது. கூத்து அதற்குப் பிறகுதான். பஸ் போகிறது என்று தெரிந்ததும் ஜனங்கள் பிள்ளைகுட்டியோடு கிளம்பிவிட்டார்கள். புறப்படும் இடத்திலேயே சீட்டெல்லாம் நிரம்பிவிடும். அக்கா வழியில் மண்டி மொஹல்லா நிறுத்தத்தில் ஏறுவார். யாராவது எழுந்து இடம் கொடுத்தாலும் உட்கார மாட்டார்.

"பாக்க வர்றவங்க உக்காரட்டும். அவங்க சலிச்சுப் போனா நாளைக்கு வர மாட்டாங்க. வண்டிய நிறுத்திப்போடுவாங்க."

இந்த பஸ்ஸுக்காக அலைந்ததே அந்த முழங்கால்களுக்காகத்தான். நான்கு வருடம், கம்பியைப் பிடித்தபடி, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றே வந்தார்.

நான் முதல் நிறுத்தத்தில் ஏறுகிறவள். ஜன்னலோர சீட் எப்போதும் கிடைத்துவிடும். ஆரம்பத்தில் இரண்டு மூன்று முறை எழுந்து பார்த்தேன். எப்படியும் உட்கார மாட்டார் என்று பிறகு விட்டுவிட்டேன். அக்கா வேலைக்கு வந்த கடைசி மாதங்களில் என் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார். மூச்சு வாங்குவது காதில் விழும். எனக்கும் அலுப்பு; யாருக்குத்தான் இல்லை? கண்ணை மூடிக்கொண்டு வருவேன்.

ஒரு நாள் இறங்கும்போது, "நல்லாத் தூங்கினியா கண்ணு?" என்று கேட்டார். கேலியே இல்லை. நிஜமான அக்கறையோடு கேட்டார்.

"ஆமாங்கக்கா" என்றேன்.

அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்தக் கேள்விதான். அந்த பஸ்ஸில் நான் ஒரு நாளும் தூங்கியதில்லை.