ஐஸ் பெட்டியும் மினுங்கிய திரையும்

பேகம்பூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஒருநாள் பக்கத்துத் தெரு துக்க வீட்டிலிருந்து அழைத்தார்கள். துபாயிலிருந்து வர முடியாத மகன் வீடியோ காலில் இருந்தான். மானிட்டர் விட்டுவிட்டு மினுங்கியதால் அவன் முகம் அவன் அம்மாவுக்குச் சரியாகத் தெரியவில்லை.

கேபிளை மாற்றிப் பார்த்தேன். பிறகுதான் புரிந்தது. கூடத்தில் இருந்த ஒரே பிளக் பாயிண்டில்தான் இறந்துபோன அவன் அப்பாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியும் ஓடியது; அது கரண்டை இழுக்கும்போதெல்லாம் திரை மினுங்கியது. அதைச் சொன்னேன்.

"கொஞ்ச நேரம் பெட்டிய நிறுத்துப்பா. புள்ள மொகத்தப் பாத்துக்கிறேன்," என்றார் அந்த அம்மா.

நிறுத்தினேன். முகம் தெளிந்தது. பெட்டியின் இரைச்சல் நின்றதைக் கவனித்த மகன், "ஏம்மா நிறுத்துனீங்க? அப்பாவுக்கு வெக்கை ஆகாதுல்ல," என்றான்.

அந்த அம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பெட்டியின் பிளக்கை மறுபடி செருகினேன். மினுங்கும் திரையிலிருந்து அவர் கண்ணை எடுக்கவே இல்லை.

பழுதைச் சரிசெய்யாமல் நான் நிம்மதியாக எழுந்துவந்த வேலை அது ஒன்றுதான்.