கதவில் ஒட்டிய கடதாசி

மொன்றியலுக்கு வந்த புதிதில் எனக்கு மிகவும் பிடித்துப்போன விஷயம், இங்கே யாரும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து கதவைத் தட்டமாட்டார்கள் என்பதுதான். அடுத்த வீட்டுக்காரி இரண்டு முட்டை கேட்பதென்றாலும் முதலில் தொலைபேசியில்தான் கேட்பாள். மாத்தளையில் எங்கள் வீட்டுக் கதவு விடிந்தால் திறந்து கிடக்கும். "வீட்டுல யாரு?" என்ற குரலும் செருப்புச் சத்தமும் சேர்ந்தே சமையலறை வரைக்கும் வந்துவிடும். அப்படி வளர்ந்தவளுக்கு மூடின கதவில் என்ன சுகம் என்று இங்குள்ள நம்மவர்கள் கேலி செய்வார்கள். அவர்களுக்கு ஊரை நினைத்து உருகி எழுதுகிறவர்களைத்தான் பிடிக்கும். எனக்கு உருக வராது. நான் எழுதப்போவது குளிரைப் பற்றி.

தொண்ணூற்றெட்டு ஜனவரியில் பெய்தது பனி அல்ல, மழை. ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது கஷ்டம். மழையாக விழும், தொட்ட இடத்திலேயே கண்ணாடியாக இறுகிவிடும். கம்பி, மரம், படிக்கட்டு எல்லாம் ஒரே கண்ணாடி. பாரம் தாங்காமல் மின்கம்பிகள் அறுந்து விழுந்தன. வீட்டைச் சூடாக்குவதும் மின்சாரம், அடுப்பும் மின்சாரம். மார்கழியில் மலையிலிருந்து மாத்தளைக்கு இறங்கும் குளிருக்கு ஒரு சுவெட்டரும் இஞ்சி போட்ட பிளேன்டீயும் போதும். இங்கே இரண்டாம் நாளே தண்ணீர்ப் போத்தல் உறைந்து உருளைக் கல்லானது. என் கணவர் ராஜன், ஏழு வயது மகள் மீரா, நான் என்று மூன்று பேரும் ஒரே அறைக்குள் ஒடுங்கினோம். யன்னலில் என் சேலைகளைத் தொங்கவிட்டோம். கூறைச் சேலையும் அதில் ஒன்று. "பிரிட்ஜுக்குக் குடுத்த காசு வேஸ்ட்" என்று ராஜன் சிரித்தார். சிரித்த கையோடு இருமினார். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. மூச்சு விடும்போது நெஞ்சு சீட்டி அடித்தது. தொலைபேசியும் செத்துப்போனது. அவரை ஒரு சூடான இடத்துக்குக் கொண்டுபோகாவிட்டால் ஆள் தாங்கமாட்டார் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

பற்றரி ரேடியோவில் பிரெஞ்சில் அறிவித்தார்கள். மீராதான் மொழிபெயர்த்தாள். ஆமிக்காரர்கள் வீடு வீடாக வருகிறார்கள், கதவைத் தட்டுவார்கள், எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவார்கள், அங்கே சூடும் சாப்பாடும் இருக்கிறது. "வந்தா உடனே போயிருவோம்" என்றார் ராஜன். சரி என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

இந்த இடத்தில் எண்பத்தொன்பதாம் வருஷத்துக்குப் போகாமல் முடியாது. ஆமியும் அவர்களை எதிர்த்த இயக்கமும் மாறி மாறி இளைஞர்களைப் பிடித்துக்கொண்டுபோன காலம். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது, தம்பி ரவிக்குப் பத்தொன்பது. மத்தியானம், சாப்பாட்டு நேரம். வாசலில் நான்கு பேர், சீருடையோடு. எந்தப் பக்கத்துச் சீருடை என்று கடைசி வரைக்கும் எங்களுக்குத் தெரியவரவில்லை. முன்னால் நின்றவன் கதவுச் சட்டத்தில் இரண்டு தட்டுத் தட்டி, "ரவி கெதர இன்னவாத?" என்று மரியாதையாகக் கேட்டான். ரவி வீட்டில் இருக்கிறானா என்று. எனக்குச் சிங்களம் நன்றாகவே வரும். "இன்னவா" என்றேன். இருக்கிறான் என்று சொன்னதோடு நிற்கவில்லை. உள்ளே போய், "ஒன்னத்தான் கேக்குறாங்க, போய் என்னன்னு பாரு" என்று சாப்பிட்ட கையைக் கழுவவைத்து, கொடியிலிருந்து சட்டையும் எடுத்துக் கொடுத்தேன். ஒரு மணித்தியாலத்தில் அனுப்புவதாகச் சொன்னார்கள்.

அம்மா ஏறி இறங்காத வாசல் இல்லை. வில்கமுவப் பக்கம் அப்படியொரு பையனைப் பார்த்ததாக யாரோ சொல்லக் கேட்டு, பக்கத்துக் கடை முஸ்லிம் நானாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பஸ் மாறி மாறிப் போய் வந்தார். காணாமல்போனதைக் காட்டித்தருவார் என்று, பிள்ளையாரைத் தவிர வேறு சாமி அறியாத மனுஷி, செவ்வாய்க்கிழமைகளில் வஹகோட்டை அந்தோனியார் கோயிலுக்கு மெழுகுதிரி கொண்டுபோனார். அலுவலகங்களில் ஒரே பதில்: எங்கள் ஆட்கள் யாரும் உங்கள் வீட்டுக்கு வரவில்லை. அம்மா ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. திட்டித் தீர்த்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நான்காம் நாள் காலை பத்து மணி இருக்கும். படிக்கட்டில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. சேலையை விலக்கிப் பார்த்தேன். பச்சைச் சீருடை, கையில் துவக்குக்கூட இல்லை. முகம் சிவந்த ஒரு பொடியன். அவ்வளவுதான் பார்த்தேன், என் கை கால் என்னுடையதாக இல்லை. "அம்மா, வந்துட்டாங்க" என்று மீரா எழும்பினாள். நான் அவளை இழுத்துத் தரையில் கிடத்தி வாயைப் பொத்தினேன். அவன் தட்டினான். "மடாம்? மெசியே?" என்று கூப்பிட்டான். மறுபடியும் தட்டினான். கட்டிலில் ராஜன் காய்ச்சல் மயக்கத்தில் கிடந்தார். மூன்றாம் தரம் தட்டியபோது மீரா என் உள்ளங்கையைக் கடித்தாள். நான் கையை எடுக்கவில்லை. பிறகு கதவில் ஏதோ தேய்க்கும் சத்தம், படி இறங்கும் சத்தம், வாகனம் போகும் சத்தம்.

உடம்பு எனக்குத் திரும்பி வர அரை மணித்தியாலம் சென்றது. கதவைத் திறந்தேன். வெளிப்பக்கம் மஞ்சள் கடதாசி ஒன்று ஒட்டியிருந்தது. "ஒருத்தரும் இல்லன்னு எழுதியிருக்காங்க" என்று மீரா வாசித்தாள். படியில் வழுக்கி விழுந்து எழும்பித் தெருவுக்கு ஓடினேன். தெருவில் ஒரு குருவி இல்லை. கத்தினேன், எந்த மொழியில் என்று நினைவில்லை. மறுநாள் மத்தியானம் தன் பூனையைத் தேடி வந்த போர்த்துக்கீசக் கிழவி எங்களைக் கண்டு, ஆள் அனுப்பி அம்புலன்ஸ் வரவழைத்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு தரம் ராஜனுக்குத் தெளிவு வந்தது. "ஆமிக்காரங்க வரவே இல்லியா?" என்று கேட்டார். "இல்லீங்க, யாரும் வரல்ல" என்றேன். தலையை ஆட்டினார். ஒன்பதாம் நாள் போய்விட்டார். நியூமோனியா என்று எழுதிக் கொடுத்தார்கள்.

மார்ச் மாதம் அந்தப் பொடியன் வீட்டுக்கு வந்தான். முன்கூட்டியே தொலைபேசியில் நேரம் கேட்டுக்கொண்டுதான் வந்தான். தான் கடதாசி ஒட்டிய வீட்டில் ஒரு மனிதர் இருந்தார், இறந்துபோனார் என்று அவனுக்குத் தெரிய வந்திருக்கிறது. இருபத்தொரு வயதுகூட இருக்காது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மூன்று தரத்தோடு நிறுத்தியிருக்கக் கூடாது, கதவை உடைத்திருக்க வேண்டும், என்னை மன்னியுங்கள் என்றான். மீரா நடுவில் நின்று மொழிபெயர்த்தாள். சீருடை போட்ட ஒருவன் எங்கள் முன்னால் வந்து, நான்தான் வந்தேன், மன்னியுங்கள் என்று சொல்ல வேண்டும் என்று எத்தனை வருஷம் காத்திருந்தோம். வந்தது ஒரு பாவமும் செய்யாதவன்.

"அவரு மேல தப்பில்லன்னு சொல்லு. தட்டினது எனக்குக் கேட்டிச்சு. நாந்தான் தொறக்கல" என்றேன்.

மீரா என்னைப் பார்த்தாள். பிறகு அவனிடம் திரும்பி ஒரு சின்ன வசனம் சொன்னாள். அந்த அளவு பிரெஞ்சு எனக்கும் தெரியும். நாங்கள் எல்லாரும் தூங்கிவிட்டோம் என்று சொன்னாள். என்னைக் காப்பாற்றுகிறாளாம். அவனுக்கு அது இன்னும் கெடுதலாகப் போயிற்று. பலமாகத் தட்டியிருந்தால் எழும்பியிருப்பீர்கள்தானே என்று முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அப்படியில்லை என்று சொல்ல எனக்கும் நாலு சொல் தெரியும். நான் சொல்லவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனான்.

அவன் போன கையோடு மாத்தளைக்குத் தொலைபேசி எடுத்தேன். அம்மாவிடமாவது முழுவதையும் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. லைனில் ஒரே இரைச்சல். எங்கிருந்து தொடங்குவதென்று தெரியாமல், "அம்மா, ஒரு ஆமிக்காரன் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டுட்டுப் போறான்" என்றேன்.

அந்தப் பக்கம் அம்மா கதிரையை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

"ரவிய எங்க வச்சிருக்காங்கன்னு சொன்னானா?" என்று கேட்டார்.