லாட்டுகளைச் சேர்க்காதே

வேல்விழிக்கு வயது நாற்பத்தொன்று. பன்னிரண்டு வருடமாக ஒரே கம்பெனி, ஒரே நாற்காலி, ஒரே மென்பொருள். திருப்பூர் ராயபுரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் அந்த அலுவலகத்தில் மொத்தம் ஐந்து பேர். பனியன் கம்பெனிகளுக்கு மென்பொருள் செய்து தருவது தொழில். துணி எப்போது வந்தது, யார் வெட்டினார், எந்த லைனில் தைத்தார்கள், எத்தனை உருப்படி பெட்டிக்குள் போனது என்று எல்லாவற்றையும் அது சொல்லும். சொல்லாத நாளில் வேல்விழிக்குப் போன் வரும். கல்யாணப் பந்தியில் சோற்றில் குழி பறித்து சாம்பாருக்காகக் காத்திருக்கும்போதும் வந்திருக்கிறது.

அப்பா சோணைமுத்து சிவகங்கைப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு பஸ் ஏறி வேலம்பாளையத்தில் வந்து இறங்கியவர். அவர் அயர்னிங், அம்மா பிசிறு வெட்டுவது, மகள் செக்கிங். செக்கிங் மேசையருகே நின்றுகொண்டே தபாலில் பி.சி.ஏ. படித்து, அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோது லைன் வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் சாக்லேட் வாங்கிக்கொண்டார்கள். அதெல்லாம் அப்போது. இப்போது அவளுக்குப் பெருமையும் இல்லை, சலிப்பும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி உள்ளே ஏதோ மரத்துக் கிடந்தது. எப்போதிலிருந்து என்று கேட்டால் அவளுக்குப் பதில் தெரியும். ஆனால் சொல்லமாட்டாள்.

இந்த வருடம் தை முடிந்ததும் முதலாளி இளங்குமரன் அவளைக் கூப்பிட்டான். அவனுக்கு முப்பத்து மூன்று வயது. அப்பாவுக்குப் பிறகு கம்பெனியை எடுத்து நடத்துகிறான்.

"வேல்விழிக்கா, கோடிங் எழுதற ஏஐ வாங்கியாச்சுங்க. ஆனா நம்ம புரோகிராமப் பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாதுங்களே. நீங்க ஒரு ஃபைல் எழுதி உள்ளயே வெச்சிருங்க. எது எங்க இருக்குது, எப்படி டெஸ்ட் பண்றது, எதைத் தொடக்கூடாது, எல்லாம். அது வேலைக்கு உக்கார்றப்பல்லாம் மொதல்ல அதைப் படிச்சுக்குமுங்க."

"எத்தனை நாளைக்குள்ள வேணும்?"

"ரெண்டு வாரத்துலீங்க. அப்பறம் உங்க வேலையப் பத்தி உக்காந்து பேசிக்கலாமுங்க."

மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. வீட்டைக் காலி பண்ணச் சொல்வதாக இருந்தாலும் இந்த ஊரில் காப்பி கொடுத்துவிட்டுத்தான் சொல்வார்கள். அவளுக்குப் புரிந்தது. பன்னிரண்டு வருடமாகத் தன் மண்டைக்குள் இருப்பதை இறக்கிவைத்துவிட்டுப் போகச் சொல்கிறான், அவ்வளவுதான். கோபம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை. போய் உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள்.

எழுத எழுத அது நீண்டுகொண்டே போனது. சில கம்பெனிகள் உருப்படியாக எண்ணும், சில டஜனாக எண்ணும். இரண்டையும் கூட்டிவிடாதே. தீபாவளிக்கு முந்தைய மாதம் ஞாயிறும் வேலை நாள்தான். ஒரு ஆளுக்கு ஒரு நாளில் ஒன்றரை ஷிப்ட் என்று இருந்தால் அது பிழையல்ல, திருப்பூரில் ஒரு நாள் வேலை என்பதே அதுதான். இந்தக் கடைசி வரியை எழுதுவதற்குள் ஏஐ இரண்டு தடவை அந்த ஒன்றரையை ஒன்றாகத் திருத்தப் பார்த்தது. தொழிலாளிமேல் அதற்கு அப்படி ஒரு கரிசனம்.

அப்புறம் இந்த வரியையும் எழுதினாள்: 'ஒரே நிறம், ஒரே எடை என்றாலும் லாட்டுகளைச் சேர்க்காதே.'

ஏன் என்று எழுதவில்லை.

எழுதிய ஃபைலைச் சோதித்துப் பார்ப்பதற்காக ஏஐயிடம் ஒரு சின்ன வேலை கொடுத்தாள். ஸ்டிக்கர் அச்சடிப்பதைக் கொஞ்சம் வேகப்படுத்தச் சொன்னாள். பத்து நிமிடத்தில் செய்து முடித்துவிட்டு, கடைசியில் பவ்யமாக ஒன்று கேட்டது. ஒரே நிறமும் ஒரே எடையும் உள்ள துணி இரண்டு இடத்தில் தனித்தனியாகப் பதிவாகிறது. சேர்க்காதே என்று குறிப்பு சொல்கிறது, காரணம் எங்கும் இல்லை. எப்போதோ வைத்து மறந்துபோன பழைய ஏற்பாடாக இருக்கலாம். சேர்த்தால் இன்னும் வேகமாகும், சேர்க்கட்டுமா?

ஒன்பது வருடத்துக்கு முன் அவள் நினைத்ததும் வார்த்தை பிசகாமல் இதேதான்.

சாயப்பட்டறையிலிருந்து துணி லாட் லாட்டாக வரும். எல்லாமே நேவி நீலம் என்றாலும் ஒரு தடவை சாயத்தில் முக்கியெடுத்த லாட்டுக்கும் அடுத்த தடவை முக்கியெடுத்ததற்கும் மயிரிழை வித்தியாசம் இருக்கும். உடம்பு ஒரு லாட்டிலும் கை வேறொரு லாட்டிலும் வைத்துத் தைத்துவிட்டால் பகல் வெளிச்சத்தில் பல்லிளித்துவிடும். அதனால் கட்டிங் மாஸ்டர் ஒவ்வொரு லாட்டையும் தனியாக விரித்து வெட்டுவார். வெட்டியதைக் கட்டுக் கட்டாகக் கட்டி, லாட் எண் போட்ட ஸ்டிக்கர் ஒட்டித் தையலுக்கு அனுப்புவார்கள். தைப்பவர்கள் அந்த எண்ணைப் பார்த்துத்தான் கையையும் உடம்பையும் ஜோடி சேர்ப்பார்கள். அந்த ஸ்டிக்கரை அச்சடிப்பது வேல்விழியின் மென்பொருள்.

இரண்டாயிரத்துப் பதினாறு ஆடி மாதம் அவள் அதைச் சுத்தப்படுத்தினாள். ஒரே நிறம், ஒரே எடை, எதற்கு இரண்டு எண் என்று ஒன்றாக்கினாள். வேலம்பாளையத்தில் ஒரு கம்பெனியில் எண்ணாயிரம் டி-ஷர்ட் கை வேறு, உடம்பு வேறாகத் தைத்து வந்தன. சரக்கு வாங்குபவர் சார்பில் பார்வையிட வந்தவர்கள் மொத்தத்தையும் ஒதுக்கிவிட்டுப் போனார்கள். ஸ்டிக்கரைப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே லாட் எண். கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா? அப்படியானால் மாஸ்டர்தான் இரண்டு லாட்டை ஒன்றாகப் போட்டு விரித்திருக்க வேண்டும்.

மாஸ்டர் பெயர் சுப்பண்ணன். இருபத்தெட்டு வருடம் துணி வெட்டியவர். அவர் ஒரு சட்டையை ஜன்னலோரம் கொண்டுபோய்க் கையையும் உடம்பையும் மாறி மாறிப் பார்த்தார். "நாந்தானுங்க பாக்காம விரிச்சிருப்பேன். தப்பு என்னுதுதானுங்க" என்றார். அன்று சாயங்காலமே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ரிப்போர்ட் எடுத்துத் தரப் போயிருந்த வேல்விழி அதே அறையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் நிரலைப் பிரித்துப் பார்த்தபோது உண்மை தெரிந்தது. மறுபடியும் லாட்டுகளைப் பிரித்து வைத்தாள். திருத்தக் குறிப்பில் 'சிறு மாற்றம்' என்று போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது, வீட்டில் அம்மா படுக்கையில். காரணம் இருந்தது. யாருக்குத்தான் காரணம் இல்லை.

இப்போது லாட்டை ஏன் சேர்க்கக்கூடாது என்று எழுதினால்தான் ஏஐ கேட்கும். எழுதினால் இளங்குமரன் படிப்பான். அவள் இருப்பதா போவதா என்று அவன் முடிவெடுக்கப் போகும் இதே இரண்டு வாரத்தில் படிப்பான். அது தெரிந்தேதான் எழுதினாள்: 'லாட்டுகளைச் சேர்த்தால் ஷேடு கலந்துவிடும். 2016இல் இதை எழுதிய நான் சேர்த்தேன். எண்ணாயிரம் உருப்படி வீணானது. பழி கட்டிங் மாஸ்டர் சுப்பண்ணன் மேல் விழுந்தது. அவர் சரியாகத்தான் வெட்டியிருந்தார்.'

மறுபடியும் அதே வேலையைக் கொடுத்தாள். புரிந்தது, லாட்டுகளைச் சேர்க்கமாட்டேன் என்றது ஏஐ. அவ்வளவுதான். ஒன்பது வருடம் அடைத்துக்கொண்டிருந்ததைச் சொல்லியாகிவிட்டது. உள்ளே எதுவும் அசையவில்லை.

மறுநாள் இளங்குமரன் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, ஃபைல் அருமையா இருக்குதுங்க. ஆனா இந்தச் சுப்பண்ணன் யாருன்னு ஏஐக்கு எதுக்குங்க? ஷேடு கலந்துரும்னு சொன்னாப் பத்தாதுங்களா? அந்தக் கம்பெனி இன்னமும் நம்மகிட்டத்தான் இருக்குது. வெளிய தெரிஞ்சா நமக்கு நல்லதில்லீங்க." நாற்காலியைக் கிட்டே இழுத்துப்போட்டுக்கொண்டான். "பேரை எடுத்துருங்க. நானும் பாக்கலைன்னே வெச்சுக்கறேன். நீங்களும் இங்கயே இருங்க. எங்கயும் போக வேண்டாமுங்க."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஏஐக்கு ஷேடு போதும், சுப்பண்ணன் வேண்டாம். அவள் நான்கு வாக்கியங்களை அழித்தாள். வேலை நிலைத்துவிட்டது. படியிறங்கி வரும்போதுதான் தான் செய்த கூத்து அவளுக்கு உறைத்தது. எதைக் கேட்டாலும் புரிந்தது என்று சொல்லும் ஒன்றிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்க வேண்டிய மனுஷன் வேறு எங்கோ இருக்கிறார்.

பழைய ஆட்களிடம் விசாரித்ததில், சுப்பண்ணன் இப்போது வெள்ளகோவிலில் ஒரு மில்லில் வாட்ச்மேன் என்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறினாள். அவர் வாய் திறந்து பழைய கம்பெனியில் ஒரு வார்த்தை சொன்னால் தன் வேலை போய்விடும் என்பதும் தெரியும். காங்கேயம் தாண்டும்வரை அதைப் பற்றி யோசித்தாள், அப்புறம் யோசிக்கவில்லை.

"கம்ப்யூட்டர் அம்முணிதானே? வா, வா. உள்ள வா" என்றார் சுப்பண்ணன். அவர் மனைவி நல்லம்மாள் மோர் கொண்டுவந்து கொடுத்தார். வேல்விழி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, குடிக்காமல், ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

சுப்பண்ணன் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப நான் ரெண்டு லாட்டை ஒண்ணா விரிக்கலையா?"

"இல்ல மாஸ்டர். நீங்க தனித்தனியாத்தான் வெட்டியிருந்தீங்க. நம்பரக் கலந்துவிட்டது நான்தேன்."

"நல்லா நெனச்சுப் பாத்துச் சொல்லு அம்முணி."

"நல்லாத் தெரியும் மாஸ்டர். மூணாம் நாளே தெரியும்."

வசவு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டாள். பேசியது நல்லம்மாள்தான். "எத்தனை கம்பெனில வந்து கூப்பிட்டாங்க தெரியுங்களா? 'என்ற கண்ணுக்கு நெறம் புடிபடலை, நான் வரலை'ன்னு சொல்லிப்போட்டாருங்க. கோயமுத்தூர்ல ரெண்டு டாக்டர்கிட்டக் காட்டுனோம். ஒரு கோளாறும் இல்லைன்னாங்க. இவரு நம்பலீங்க. வேட்டி எடுக்கப் போனாக்கூட வெள்ளைதானான்னு என்னையக் கேப்பாருங்க."

சுப்பண்ணன் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. வாசலில் கொடியில் காய்ந்துகொண்டிருந்த இரண்டு பச்சைத் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லம்மா, அது ரெண்டும் ஒரே பச்சை இல்லை. இந்தப் பக்கத்தது சாயம் ஒரு பிடி கம்மி. செரியா?"

"செரிதானுங்க" என்றார் நல்லம்மாள். "ஒண்ணு இந்தத் தைப்பூசத்துக்கு எடுத்தது, இன்னொண்ணு போன வருசத்துது."

வேல்விழியும் எட்டிப் பார்த்தாள். எவ்வளவு உற்றுப் பார்த்தும் அவளுக்கு இரண்டும் ஒரே பச்சையாகத்தான் தெரிந்தன. மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அழத் தொடங்கினாள்.