நடுக்குழியில் சந்தனப் பொட்டு

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்களிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. வார நாள்களில் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போகும். சனி ஞாயிறுகளில் பின்னால் ஒரு டிரெய்லரை இழுத்துக்கொண்டு கல்யாண வீடுகளுக்குப் போகும். டிரெய்லரில் என் அண்டாக்களும் அடுப்புகளும் இருக்கும். சமையல் என்னுடையது, வண்டி என் வீட்டுக்காரருடையது. அவர் கப்பல் பட்டறையில் எலக்ட்ரிஷியன். நான் கரண்டியைப் பிடித்தால் அவர் குறுக்கே வரமாட்டார். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தால் என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

ஒரு மழை நாளில், தாம்சன் ரோட்டு இறக்கத்தில், அவர் பிரேக் போட்டார். ஜீப் நிற்கப் பார்த்தது. டிரெய்லர் நிற்கவில்லை, அதற்கு பிரேக்கே கிடையாது. அத்தனை பாரமும் பின்னாலிருந்து நெட்டித் தள்ள, வண்டி திரும்பி ஓரத்துக் கம்பித் தடுப்பில் போய் இடித்தது. என் நெற்றியில் ஐந்து தையல். அண்டாவில் ஒரு நெளிசல்கூட இல்லை என்று நான் ஆஸ்பத்திரியில் சொல்லிச் சிரித்தபோது அவர் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு டிரெய்லர் மாட்டிய வண்டியில் அவர் என்னை ஏற்றவே இல்லை.

"நீ பஸ்ல வந்துரு. நான் சாமான எடுத்துக்கிட்டு மெதுவா வர்றேன்."

எங்கள் வீடு இருந்த ஆங் மோ கியோவிலிருந்து சிராங்கூன் ரோட்டு மண்டபங்களுக்கு மசாலாப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவேன். பஸ் முழுக்க மல்லிப்பொடி வாசம் அடிக்கும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சமைக்கிறவள் ஒரு வண்டியில், சட்டி இன்னொரு வண்டியில்! ஆனால் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். எங்களுக்குப் பேசக் கிடைத்த நேரமே அந்த ஜீப்பில் போகும் நேரம்தான்.

பட்டறையில் வேலை பார்த்த அமெரிக்கர் ஒருவர் ஊருக்குக் கிளம்பும்போது தன் படகு டிரெய்லரின் அச்சையும் சக்கரங்களையும் இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்தச் சக்கரங்களுக்குள் மின்சாரத்தில் பிடிக்கும் பிரேக் இருந்தது. கூடவே ஒரு சின்னப் பெட்டி. அதைக் கண்ட்ரோலர் என்றார்கள். ஓட்டுகிறவர் பிரேக்கை மிதித்தால், அந்தப் பெட்டி டிரெய்லர் சக்கரங்களையும் சேர்ந்து பிடிக்க வைக்கும்.

வெல்டர் நண்பர் ஒருவர் அச்சை மாற்றிக் கொடுத்தார். பெட்டியை இவரே எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கார் பார்க்கில் உட்கார்ந்து பொருத்தினார். உள்ளே ஊசலாடும் ஒரு குண்டு இருந்ததால் அது கோணாமல் இருக்க வேண்டும் என்று, கொத்தனார் வைப்பதுபோல ரசமட்டம் வைத்துப் பார்த்து முழங்காலுக்கு மேலே திருகினார். பேட்டரிக்கு ஓர் ஒயர், பாடிக்கு ஒன்று, பிரேக் விளக்கு சுவிட்சுக்கு ஒன்று. நான்காவது ஒயர் வண்டியின் அடியோடு ஓடி, பின்னால் டிரெய்லர் பிளக்கைச் சொருகும் வட்டச் சாக்கெட்டில் நடுக்குழிக்குப் போனது. வியாழக்கிழமை வேலை முடிந்தது.

வெள்ளிக்கிழமை காலை நான் பூஜை போட்டேன். வண்டியில் புதிதாக ஒன்று ஏறியிருக்கிறது, பூஜை போடாமல் ஓட்டுவதாவது? சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். பெட்டி, ஸ்டியரிங், டயர் என்று ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் இட்டேன். கற்பூரம் காட்டிவிட்டு நிம்மதியாக மாடி ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத தொழிற்பேட்டை ரோட்டில் சோதனை. என்னை ஓரமாக நிறுத்தி டிரெய்லர் சக்கரத்தைப் பார்க்கச் சொன்னார். பெட்டியில் டிரெய்லரை மட்டும் பிடிக்க வைக்கும் கைப்பிடி ஒன்று இருந்தது, அதை அழுத்திக்கொண்டே ஓட்டினார். சக்கரம் பாட்டுக்கு உருண்டு போனது.

"புடிச்சிச்சா?"

"இல்லைங்க."

ஜீப் பக்கம் சாக்கெட்டின் முதுகில் சோதனை விளக்கை வைத்தார், எரிந்தது. டிரெய்லர் ஒயரை நேராக பேட்டரியில் தொட்டார், சக்கரம் பிடித்தது. இரண்டையும் சேர்த்தால் ஒன்றுமில்லை. தான் போட்ட இணைப்புகளை வெட்டிவிட்டு மறுபடி போட்டார். மூன்று தடவை. மூன்றாம் தடவை முடித்துவிட்டுத் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். கப்பல் கப்பலாக ஒயர் இழுத்த கை.

"என் கையே சரியில்ல. கழட்டிப் போட்டுர்றேன். நீ பஸ்லயே போ லா," என்று பிளக்கைப் பிடுங்கி என்னிடம் நீட்டினார்.

வாங்கினேன். நடுவில் இருந்த பித்தளைக் குச்சியில் மஞ்சளாக என்னவோ அப்பியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். சந்தனம். சாக்கெட்டின் மூடியைத் திறந்து, பொட்டு வைக்கவே செய்ததுபோல இருந்த அந்த நடுக்குழியில் நான்தான் விரலால் அழுத்தி வைத்திருந்தேன். அது உள்ளே இறங்கிக் காய்ந்து, மின்சாரத்துக்கு வழி விடாமல் உட்கார்ந்திருந்தது.

எனக்கு அசடு வழிந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு, "இன்னொரு தடவை பாருங்க" என்று சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அந்தக் கையை அவர் சாகும்வரை சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்திருப்பார். அதை என்னால் தாங்க முடியாது.

"என்னங்க, உங்க கை நல்லாத்தான் இருக்கு. என் கைதான் சும்மா இருக்கல," என்று குச்சியைக் காட்டினேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். ரோட்டோரக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். பிளக்கை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அன்னைக்கு உன்னைப் புடிக்கறதுக்காக ஒரு கைய ஸ்டியரிங்ல இருந்து எடுத்துட்டேன். அதான் வண்டி திரும்பிருச்சு. நீ பக்கத்துல இருந்தா மறுபடியும் எடுத்துருவேன்."

என் நெற்றித் தழும்பு எனக்கு ஒருநாளும் வலித்ததில்லை. அன்றுதான் வலித்தது. இத்தனை மாதமாக என்னைத் தண்டிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸில் போயிருக்கிறேன், பாவி.

கருவிப் பெட்டியில் கிடந்த பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சந்தனத்தைச் சுரண்டித் துடைத்தோம். கைப்பிடியை அழுத்தியதும் டிரெய்லர் டயர்கள் கிரீச்சென்று கறுப்புக் கோடு போட்டு நின்றன. பிடி இத்தனை முரடாக இருக்கக் கூடாது என்று அவர் பெட்டியின் திருகைச் சற்றுக் குறைத்தார், மறுபடி ஓட்டினார், இன்னும் கொஞ்சம் குறைத்தார்.

அடுத்த சனிக்கிழமை ஒரு கல்யாணம். நான் மசாலாப் பொட்டலத்தோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். ஜீப் பக்கத்தில் வந்து நின்று இடது கதவு திறந்தது.

"ஏறு. லேட்டாச்சு."

தாம்சன் ரோட்டு இறக்கத்தில் அவர் பிரேக்கை மிதித்தார். பின்னாலிருந்து யாரோ வண்டியைப் பிடித்து நிறுத்துவதுபோல இருந்தது. அவருடைய இரண்டு கைகளும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. நான் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை.