கத்தரி தட்டிய சத்தம்

வேல்விழி கத்தவில்லையாம். அதனால் அவளுக்குச் சம்மதமாம். அவளைப் பலாத்காரம் செய்ததற்காகக் கீழ் நீதிமன்றத்தில் தண்டனை வாங்கிய கம்பெனி சூப்பர்வைசர் சுரேந்தர், உயர் நீதிமன்றத்தில் அப்பீல் போட்டு, வக்கீலை வைத்து இதைத்தான் சொல்ல வைத்தான். உடம்பில் காயம் இல்லையாம், மறுநாளும் வேலைக்கு வந்தாளாம். வராமல்? அவள் வீட்டு அடுப்பை இவனா வந்து பற்ற வைப்பான்?

தென்காசிப் பக்கமிருந்து பிழைக்க வந்து, மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறவள் வேல்விழி. அப்பீல் விசாரணைக்கு முன்னால் சுரேந்தரின் ஆட்கள் அவள் வாசலுக்கே வந்தார்கள்.

"நீங்க ஒண்ணுஞ் சொல்ல வேண்டாமுங்க. சென்னைக்கு வராம இருந்தாப் போதுமுங்க."

மரியாதைக்கு மட்டும் குறைச்சலில்லை.

"வாரேன். முன்னாடியே உக்காருவேன். என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே அவன் பொய் சொல்லட்டும்," என்றாள் வேல்விழி.

அவள் கத்தவில்லை என்பது உண்மைதான். தையல் ஹாலில் யார்தான் கத்துகிறார்கள்? மிஷின் ஓடும் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே விளங்காது. தைக்கக் கொடுத்த துணி பீஸ் தீர்ந்தால் நூல் வெட்டும் சின்னக் கத்தரியால் மேஜையின் இரும்புக் காலில் தட்டுவார்கள். யாராவது அடுத்த பண்டலைக் கொண்டு வந்து போடுவார்கள். அன்று சாம்பிள் தைக்க வேண்டும் என்று அவளைத் தனி அறைக்கு அழைத்த சுரேந்தர், கதவைத் தாழ் போட்டான். அவள் கை பழக்கத்தில் கத்தரியைத் தேடியது. அவன் பிடுங்கி எறியும் வரை தட்டிக்கொண்டே இருந்தாள்.

செக்கிங் வேலை பார்க்கும் குழந்தையம்மாளுக்கு அது கேட்டது. பீஸ் கேட்கிறாள் என்று நினைத்து, ஒரு பண்டலைத் தூக்கி வந்து கதவடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நடந்தது தெரிந்தபின் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கம்பெனி மிரட்டியும் கீழ் நீதிமன்றத்தில் கூண்டேறினாள்.

"காதுக்குக் கேட்டுச்சுங்க. புத்திக்குத்தான் எட்டுல," என்றாள்.

உயர் நீதிமன்றத்தில் சுரேந்தரின் வக்கீல் அதையே பிடித்துக்கொண்டார். "தட்டியது பீஸ் கேட்டுத்தான். அவர்கள் சாட்சியே அப்படித்தான் நினைத்திருக்கிறார்."

வேல்விழி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தலை குனியவில்லை.

அவளுடைய வக்கீல் யாழினி எழுந்தாள். "பீஸ் கேட்டவர் கதவைத் திறந்து பண்டலை எடுத்திருப்பார். அது சாயங்காலம் வரை வாசலிலேயே கிடந்தது என்று அதே சாட்சி சொல்லியிருக்கிறார். எதிர்த்தரப்பு அதை மறுக்கவே இல்லை. அவர் தட்டாமலே இருந்திருந்தாலும், எதிர்க்கவில்லை என்பதாலேயே அது சம்மதம் ஆகாது. சட்டம் அப்படித்தான் சொல்கிறது."

அப்பீல் தள்ளுபடியானது. ஜாமீனில் வெளியே இருந்த சுரேந்தர் மீண்டும் சிறைக்குப் போனான்.

இனியாவது வேறு கம்பெனிக்குப் போயேன் என்றார்கள் அக்கம்பக்கத்தார். "ஓட வேண்டியவ நானில்ல," என்று வேல்விழி தன் பழைய மிஷினிலேயே போய் உட்கார்ந்தாள். மதியத்துக்குமேல் பீஸ் தீர்ந்தது. கத்தரியை எடுத்துத் தட்டினாள்.

குழந்தையம்மாள் வெறுங்கையோடு ஓடி வந்து அவள் முகத்தைப் பார்த்தாள். "என்ன கண்ணு?"

"பீஸ்தாங்க்கா," என்றாள் வேல்விழி.

அதற்குள் அந்த வரிசையில் மிஷின்கள் அத்தனையும் நின்றிருந்தன.