ஆட்டுக்குத் தண்ணி

கோவாவிலிருந்து வந்திருந்த என் மைத்துனர், கோவா மாதிரி இந்தப் பக்கம் பார்க்க ஒன்றுமில்லை என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பொறுக்கமாட்டாமல், அவரையும் பிள்ளைகளையும் கோவில்பட்டியிலிருந்து வேம்பார் கடற்கரைக்குக் காரில் அழைத்துப்போனேன். முந்தின நாள் மழை பெய்திருந்தும் நாகலாபுரம் தாண்டி, குறுக்கு வழியென்று வண்டிப்பாதையில் காரை விட்டேன். கரிசலில் பிறந்தவன் செய்யக்கூடாத தப்பு. சக்கரம் புதைந்துவிட்டது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் வந்தார். ஒல்லி உடம்பு, சிவப்புத் தலைப்பாகை. நாலடிக்கு ஒருமுறை நின்று, பாதத்தில் அப்பிய மண்ணைக் கம்பால் வழித்துக்கொண்டார்.

"மண்ணு காயட்டும் அண்ணாச்சி. செருப்பைக் கழட்டிட்டு எம் பின்னால வாங்க."

கருவேலங்காட்டுக்குப் பின்னால் பாறையில் வழிந்து ஓடியது தெளிந்த ஓடை. ஆடுகள் ஒரு பக்கம் தண்ணீர் குடிக்க, பிள்ளைகள் மறுபக்கம் குதித்தார்கள். மைத்துனரும் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

"எங்க கோவாவிலயும் யாருக்கும் தெரியாத கடற்கரை நாலஞ்சு இருக்கு" என்றார் மைத்துனர்.

"அங்கன ஆட்டுக்குத் தண்ணி?"

"அது நான் கவனிச்சதில்ல."

"அந்த ஊரு ஆடுக பாவம்" என்றார் ஆட்டுக்காரர்.

கேலியே இல்லை, முகத்தில் உண்மையான வருத்தம். ஊருக்கு ரயிலேறும் வரை மைத்துனர் கோவாவைப் பற்றிப் பேசவேயில்லை.